புள்ளடி போட்ட நாட்கள்

கோதுமை மாப் பசை காய்ச்சுகிற மணம் ஒழுங்கைக்குள் ஏறினால் எலெக்சன் வந்துவிட்டது என்று அர்த்தம். வாசிகசாலைக்குப் பின்பக்கம் மூன்று கல்லை வைத்து, பாதியாய் வெட்டின மண்ணெண்ணெய்த் தகரத்தில் மாவைக் கரைத்து, பொச்சுமட்டையும் ஊமலும் போட்டு எரித்துக்கொண்டு யாரோ ஒரு அண்ணை தடியால் கிண்டியபடி நிற்பார். கட்டிபட்டால் சுற்றி நிற்கிற எல்லாரிடமும் ஏச்சு வாங்குவார். சூடு ஆறமுதல் வாளியில் ஊற்றி, தும்பைக் கட்டின தடியோடு இருட்டில் வெளிக்கிட வேணும். வாளி உங்கள் கையில், நோட்டீஸ் கட்டு என் கையில். பெரியவர்கள் முன்னுக்கு நடக்க, நாங்கள் பின்னால் இழுபட்டுக்கொண்டு போன அந்த இரவுகள் உங்களுக்கு மறந்திருக்காது.

எங்கட பக்கத்தில் அப்போது மதில் குறைவு. கிடுகு வேலி, இல்லாவிட்டால் பனையோலை வேலி. ஓலையில் நோட்டீஸ் நிற்குமா? அதனால் மதகுக் கட்டு, லாம்புக் கம்பம், சந்தைக் கட்டடத்துத் தூண் என்று தேடித் தேடி ஒட்டுவோம். ஒட்டின பசை காயமுதல் மாடு வந்து நக்கிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் வீட்டுச் சின்னத்தில் கூரை மட்டும் மிஞ்சி நிற்கும்.

ஆம், வீடு. தமிழரசுக் கட்சிக்கு வீடு, தமிழ்க் காங்கிரசுக்குச் சைக்கிள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்காக வந்த சின்னங்கள் எங்களுக்கு விளையாட்டுக் கட்சிகளாயின. கிட்டி அடிக்கும்போது வீட்டுப் பக்கம், சைக்கிள் பக்கம் என்று பிரிந்தோம். எங்கள் வளவு வீடு, பக்கத்து வளவு சைக்கிள். இரண்டுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. எலெக்சன் காலத்தில் அப்பாவும் பக்கத்து வளவு அம்மானும் முகங்கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பொட்டுக்குள்ளால் கறிச்சட்டி போய் வந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவும் மாமியும் கட்சி பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சுருட்டுக் கொட்டிலில்தான் உண்மையான அரசியல் நடந்தது. புகையிலை நெடி மூக்கில் ஏற, வரிசையாய் இருந்து சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் பேப்பர் வாசிப்பார். ஈழநாடு, வீரகேசரி, கட்சிக்காரருக்குச் சுதந்திரன். வாசிக்கிறவருக்கும் கூலி உண்டு, மற்றவர்கள் சேர்ந்து கொடுப்பார்கள். ஒரு செய்தி முடிய அடுத்த செய்திக்குப் போகவிடாமல் வாதம் தொடங்கிவிடும். அப்பு அங்கேதான் பழைய கதை சொல்லுவார். 1931இல் டொனமூர் ஆணைக்குழுக்காரர் ஆணுக்கும் பெண்ணுக்கும் படித்தவனுக்கும் படியாதவனுக்கும் வாக்குக் கொடுத்த கதை. எல்லாருக்கும் வாக்கு வேண்டாம் என்று சேர் பொன். இராமநாதன் போன்ற பெரியவர்களே நின்ற கதை. கொடுத்த முதல் தேர்தலையே யாழ்ப்பாணம் பகிஷ்கரித்த கதை. பூரண சுயராச்சியம் இல்லாத அரசியல் திட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று வாலிபர் காங்கிரஸ் சொன்னதைக் கேட்டு ஊர் வீட்டிலேயே இருந்ததாம். "வாக்குக் கிடைச்ச முதல் நாளே வேண்டாம் எண்டு சொன்ன ஆக்கள் நாங்கள்" என்பார் அப்பு. அதில் அவருக்குப் பெருமையா, கவலையா என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

எங்கள் தொகுதி வட்டுக்கோட்டை. சங்கரத்தை, சித்தன்கேணி, அராலி, சுழிபுரம், மூளாய், பொன்னாலைப் பாலம் தாண்டி அப்போது காரைநகர் வரைக்கும். 1970 மே மாதத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நடந்ததை நாடே திரும்பிப் பார்த்தது. வீட்டுச் சின்னத்தில் நின்ற அமிர்தலிங்கத்தார் தோற்றார். சைக்கிளில் நின்று வென்றவர் காரைநகர் இந்துக் கல்லூரியில் அதிபராய் இருந்த ஆ. தியாகராசா. வித்தியாசம் ஆயிரம் வாக்குக்கும் குறைவு. அந்த இரவு எங்கள் வீட்டு விறாந்தையில் ரேடியோவைச் சுற்றி ஒரு கூட்டம். வளவு முழுக்கப் பாய், சாக்கு, மாட்டுத்தாள் பேப்பர் என்று கிடைத்ததை விரித்து இருந்தார்கள். இடைக்கிடை பாட்டுப் போகும். பாட்டை நிறுத்தி அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினால் வெற்றிலை மெல்லுகிற வாயெல்லாம் நின்றுவிடும். தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அம்மா எத்தனை தரம் சீனிப் போத்தலைத் திறந்தாவோ தெரியாது. எங்கள் தொகுதியின் பேரைச் சொன்னதும் அப்பா எழும்பி நின்றார். முடிவைக் கேட்டபிறகு இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சீனவெடி கேட்டது. அடுத்த நாள் காலையில் பொட்டுக்குள்ளால் ஒரு தட்டில் பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தோற்றார், நல்லூரில் நாகநாதன் தோற்றார். பெரிய தலைகளெல்லாம் ஒரே இரவில் உருண்டதை ரேடியோவில் கேட்ட பிள்ளைகள் நாங்கள். பென்சிலால் போடுகிற ஒரு புள்ளடிக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் குடியியல் பாடம் சொல்லித் தந்ததைவிட அந்த இரவு நன்றாகவே சொல்லித் தந்தது.

வாக்குப் போடுகிற நாளை நினைத்தால் ஆச்சிதான் முன்னுக்கு வருகிறா. விடிய எழும்பித் தலைக்குத் தண்ணி வார்த்து, பெட்டகத்துக்குள்ளிருந்து மணக்கிற சீலையை எடுத்துக் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கோயிலுக்குப் போகிறவ மாதிரி வெளிக்கிடுவா. தபால்காரர் கொண்டுவந்து தந்த வாக்காளர் அட்டை, சாமிப் படத்துக்குப் பின்னால் அதுவரை பத்திரமாய் இருக்கும். அதை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிவா. நடக்கமுடியாத கிழங்களைத் திருக்கல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சந்தியடிக் கார்க்காரரின் பழைய ஏ-போட்டி ஒன்று, கதவைக் கயிற்றால் கட்டினபடி, பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு போகும்.

பள்ளிக்கூட முற்றத்து வேம்புக்குக் கீழே வரிசை தொடங்கும். ஆம்பிளையள் ஒன்று, பெண்டுகள் ஒன்று. வரிசை படலைக்கு வெளியே வந்து, மதகைத் தாண்டி, சில வேளை தேத்தண்ணிக் கடை வரைக்கும் போகும். கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் யாழ்தேவியில் வந்து இறங்கியிருப்பார்கள். வேறு ஊரில் கலியாணம் முடித்துப் போன பெட்டையள் பேர் இன்னும் இங்கேதான் பதிவில் இருக்கிறது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். திருவிழாவுக்கும் வராத ஆட்களை அந்த வரிசையில் காணலாம். 

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அந்த வரிசையில் எங்கள் ஊரின் எல்லாக் குறிச்சியும் நின்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒரு பகுதி மக்களை உள்ளே விடமாட்டோம் என்று மறித்து நின்றது உங்களுக்கும் தெரியும். கிணற்றில் அள்ள விடாத, தேத்தண்ணிக் கடையில் வேறு பேணி வைத்த காலம். ஆனால் 1970இல் அதே மனிதர்கள் முன்னும் பின்னுமாய் ஒரே வரிசையில், ஒரே வெயிலில் நின்றார்கள். மேசையில் இருந்த கிளாக்கர் எல்லாருடைய பேரையும் ஒரே மாதிரிச் சத்தமாய் வாசித்தார். தன் முழுப் பேரையும் ஊருக்கு முன்னால் ஒருவர் மரியாதையோடு வாசிப்பதைச் சிலர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள். வரிசை முடிந்தபிறகு அவரவர் தம் ஒழுங்கைக்குப் போனார்கள், வேறு பேணிகள் திரும்பவும் இறங்கின. என்றாலும் அந்த ஒரு பகல் உண்மை. எனக்கு எங்கள் ஊரில் பிடித்த பகல் அது.

உள்ளே எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, யன்னலால் எட்டிப் பார்த்தால் பொலிஸ்காரர் துரத்துவார். எனக்கு உள்ளே போகிற வயது வந்தது 1977இல். ஜூலை 21. ஆடிப்பிறப்பு முடிந்து சில நாட்கள்தான். வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சின பானை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது, கொழுக்கட்டை மிச்சத்தை இரும்புச் சட்டியில் சூடாக்கித் தின்றுவிட்டுப் போனோம். சோளகம் ஊதி ஊதிப் பள்ளிக்கூட முற்றத்து மணலெல்லாம் வரிசையில் நிற்கிறவர்களின் கண்ணுக்குள். அந்த முறை சின்னம் வீடும் இல்லை, சைக்கிளும் இல்லை. இரண்டு கட்சியும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு உதயசூரியன். 1976 மே மாதம் பண்ணாகத்தில் எடுத்த தனிநாட்டுத் தீர்மானத்துக்கு மக்களின் ஆணை கேட்ட தேர்தல் என்பதால் மேடையெல்லாம் கொதித்தது. கூட்டணியின் தலைவர் தந்தை செல்வா ஏப்ரலில்தான் காலமாகியிருந்தார். தலைவர்களுக்குப் பெடியள் விரலைக் கீறி இரத்தப் பொட்டு வைத்த காலம். அமிர்தலிங்கத்தாரின் மனைவி மங்கையர்க்கரசி அம்மா மேடையில் பாடத் தொடங்கினால் ஒழுங்கைக்குள் நின்ற பெண்டுகளும் வேலியை விட்டு வெளியே வருவார்கள்.

முதலாவது மேசையில் என் அட்டையை வாங்கினவர் எனக்குப் படிப்பித்த வாத்தியார். தெரிந்த முகம் என்று ஒரு சிரிப்புக்கூட இல்லை. இலக்கத்தையும் பேரையும் உரத்து வாசித்தார். சுவரோரம் வாங்கில் இருந்த கட்சி ஏஜென்ட்மார் தங்கள் வாக்காளர் இடாப்பைப் பார்த்துக் கோடு இழுத்தார்கள். யாருக்கேனும் சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே எழும்பி "ஆள் இவர் இல்லை" என்று சொல்லலாம். கள்ளவோட்டுக்காரர் பயப்படுவது பொலிசுக்கு இல்லை, அந்த வாங்குக்குத்தான். இரண்டாவது மேசையில் சீட்டைக் கிழித்து, பின்பக்கத்தில் அடையாளம் குத்தி, மடிப்பது எப்படி என்று காட்டித் தந்தார்கள். மூலையில் மறைப்பு. அதற்குள் ஒரு சின்ன மேசை, நூலில் கட்டின பென்சில். அந்த நூல் கட்டையாய் இருந்ததால் சீட்டைத்தான் பென்சிலுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. புள்ளடி. மடித்து, அடையாளம் குத்தின பக்கத்தைத் தலைமை அலுவலருக்குக் காட்டி, பெட்டிக்குள். பெட்டியின் பூட்டுக்கு மேல் உருக்கி வைத்த அரக்கு இன்னும் மணத்தது. காலையில் வெறும் பெட்டியை எல்லாருக்கும் திறந்து காட்டிவிட்டுத்தான் முத்திரை வைப்பார்கள்.

வெளியே வந்தபோது நீங்கள் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பிளேன்ரீக்குச் சொல்லிவைத்திருந்தீர்கள். ஆருக்குப் போட்டாய் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பதினொரு தொகுதி. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி. இப்போதும் ஒரே மூச்சில் சொல்லுவேன். பதினொன்றிலும் சூரியன். வடக்குக் கிழக்கில் மொத்தம் 18 இடம், 168 பேர் இருந்த சபையில் எதிர்க்கட்சித் தலைவர் எங்கள் அமிர்தலிங்கம். நாங்கள் அந்த இரவு நித்திரை கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அப்படி ஒரு தேர்தலுக்கு நாங்கள் பன்னிரண்டு வருடம் காத்திருந்தோம். 1981 மே மாதம் எங்கள் பழைய எம்.பி. தியாகராசா சுடப்பட்டு இறந்தார். அது மாவட்ட சபைத் தேர்தல் காலம். அதே கிழமைகளில் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தது. சாம்பல் சூடு ஆறமுதல் ஜூன் 4 வாக்குப் போடச் சொன்னார்கள், ஊர் போய்ப் போட்டது. 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு. தேர்தல் வைக்காமல் அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்ற கேள்வி. ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். ஆச்சி கடைசியாய்ப் போட்ட புள்ளடி குடத்துக்கு. எங்கள் மாவட்டம் முழுக்கக் குடம், நாட்டில் வென்றது விளக்கு. அடுத்த வருடம் ஆறாம் திருத்தச் சட்டம் வந்தது. தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த எங்கள் உறுப்பினர்கள் கதிரைகளை இழந்தார்கள். மானிப்பாய் தர்மலிங்கத்தை 1985இல் கொன்றார்கள். அமிர்தலிங்கத்தையும் யாழ்ப்பாணத்து யோகேஸ்வரனையும் 1989 ஜூலையில் கொழும்பில் ஒரே வீட்டில் கொன்றார்கள். அந்த வாங்கில் இடாப்போடு இருந்த ஏஜென்ட்மார், பசை காய்ச்சின அண்ணைமார், வேலிக்கு அங்காலை சீனவெடி கொளுத்தின பெடியன்... வேண்டாம், உங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்.

தேர்தல் திரும்பி வந்தபோது அதன் கணக்கே மாறியிருந்தது. 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசாரம் 1989 பெப்ரவரியில்தான் முதன்முதலாய்ப் பாராளுமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. இனி வட்டுக்கோட்டைக்கு என்று ஒரு எம்.பி. இல்லை. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். நாடு முழுவதும் அப்படி 22 மாவட்டம், அவற்றில் 196 ஆசனம், தேசியப் பட்டியலில் 29, ஆக 225. சீட்டின் மேல்பாதியில் கட்சிகளும் சின்னங்களும். கீழ்ப்பாதியில் பேர் கிடையாது, கட்டங்களுக்குள் வெறும் இலக்கங்கள். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் விரும்பின ஆட்களின் இலக்கங்களில் மூன்று வரைக்கும் புள்ளடி போடலாம், போடாமலும் விடலாம். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்த வாக்கு செல்லாது. நான் வாத்தியாராய் இருந்த காலத்தில் இதை எத்தனையோ பேருக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். 

எண்ணுகிற விதமும் ஒரு கணிதபாடந்தான். மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாய் எடுத்தவர்களை முதலில் கழிப்பார்கள். ஆகக் கூடின வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு ஆசனம் போனசாய்ப் போகும். மிச்ச வாக்கை மிச்ச ஆசனத்தால் பிரித்து, முழுசாய் வருகிறதைக் கொடுத்து, பிறகும் கதிரை மீந்தால் மீதி வாக்கு ஆருக்குக் கூடவோ அவருக்கு. கட்சிக்கு எத்தனை கதிரை என்று இப்படித் தீர்ந்தபிறகுதான், அதில் ஆர் இருப்பது என்பதை விருப்பு வாக்கு சொல்லும். சின்னக் கட்சிக்கும் இடம் கிடைக்கும் என்பதால் நியாயமான முறைதான். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கட்சிக்காரர் தங்களுக்குள்ளேயே இலக்கத்துக்காக அடிபடுகிறதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முந்தி மதகு உடைந்தால் எம்.பி.யின் வீட்டுப் படலையைத் தட்டலாம். இப்போது எங்கள் மதகுக்கு ஆர் பொறுப்பு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வட்டுக்கோட்டை என்ற பேர் முடிவு வாசிக்கிற இரவில் மட்டும் ஒருதரம் ரேடியோவில் கேட்கும். அது இப்போது எண்ணுகிற வசதிக்கான ஒரு பிரிவு.

1994இல் மாவட்டத்தின் பெரும்பகுதியில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. தீவுப்பகுதியில் விழுந்த பத்தாயிரம் சொச்ச வாக்கோடு ஒரு கட்சி ஒன்பது ஆசனம் எடுத்தது. அடுத்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் நின்ற அந்தச் சனத்தை நீங்களும் கண்டீர்கள். நான் அன்றைக்குத்தான் எங்கள் தொகுதியைக் கடைசியாய் ஒரே இடத்தில் கண்டேன்.

பிந்தின தேர்தல்களில் எனக்குச் சாவடியில் கடமை. எங்கள் வாக்கைத் தபாலில் முன்னரே போட்டுவிட்டு, முதல் நாள் பெட்டியையும் சீட்டுக் கட்டுகளையும் அரக்கையும் கையெழுத்து வைத்து வாங்கி, பஸ்சில் ஏற்றி, பள்ளிக்கூடத்தில் இறங்குவோம். இரவு வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்போம். சோக்குக்கட்டி மணக்கிற அறையில் நுளம்புத்திரி கொளுத்திவைத்து, அடுத்த வீட்டு அம்மா அனுப்பின புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் தின்ற அந்த இரவுகள் நல்ல இரவுகள். விடிய ஏழு மணிக்குக் கதவு திறக்கும். வெறும் பெட்டியைக் காட்டுவோம், முத்திரை வைப்போம். இடக்கைச் சின்னவிரலில் மை. எல்லாம் என் வாத்தியார் செய்த அதே ஒழுங்கு.

2010 ஏப்ரலில் என் மேசையில் இருந்த இடாப்பு தடித்த இடாப்பு. மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் பேர் பதிந்திருந்தது. பக்கத்தைப் புரட்டினால் எல்லாரும் இருந்தார்கள். கிட்டி அடித்தவர்கள், பசை வாளி தூக்கினவர்கள், யாழ்தேவியில் வந்து இறங்கினவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெட்டையள், அவர்களுடைய பிள்ளைகள். விதானையார் வருடாவருடம் வாக்காளர் பதிவுக்குக் கொண்டுவந்த பீ.சி. படிவத்தில் வீட்டுக்காரர் பேரை வெட்டவிடாமல் வைத்திருந்திருப்பார்கள். "திரும்பி வருவினம்தானே, கிடக்கட்டும்" என்று எத்தனை தாய்மார் அந்தத் திண்ணையில் இருந்து சொல்லியிருப்பார்கள். ஒரு வீட்டு இலக்கத்துக்குக் கீழே வரிசையாய் ஏழெட்டுப் பேர், கோடு இழுபட்டது ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒரு கிழவி. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒருவரும் இல்லை. முற்றத்து வேம்பில் காகம் கத்துகிறது வாங்கில் இருந்த ஏஜென்ட்மாருக்கும் எனக்கும் கேட்டது. அந்தத் தேர்தலில் மாவட்டத்தில் நாலிலொருவர்கூட வாக்குப் போடவில்லை. 

பிறகு இடாப்பைத் திருத்தினார்கள். திருத்தத்தான் வேணும், அது சட்டம். இல்லாத ஆளின் பேர் கள்ளவோட்டுக்குத்தான் உதவும் என்று வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன். 2015இல் அதே இடாப்பு ஐந்தரை லட்சத்துக்குள் வந்துவிட்டது. பதிவில் உள்ள வாக்காளர் தொகையை வைத்துத்தான் மாவட்டங்களுக்கு ஆசனம் பங்கிடுவது. 2010இல் எங்களுக்கு ஒன்பது. 2015இல் ஏழு. 2024இல் ஆறு. பதினொரு தொகுதியையும் ஒரே மூச்சில் சொன்ன பிள்ளைக்கு ஆறு என்ற இலக்கத்தைச் சொல்ல நேரம் எடுக்காது. ஒருவரும் பறிக்கவில்லை, கணக்குத்தான் அப்படி வந்தது. விதானையார் ஒவ்வொரு படலையாய்த் தட்டி, இருக்கிறவர்களை எழுதி, இல்லாதவர்களை விட்ட கணக்கு.

2024 நவம்பர் 14 நல்ல மழைக்காலம். கடமை முடிந்த வயது, வாக்கு மட்டும் போடப் போனேன். கொங்கிறீட் ஒழுங்கையில் தண்ணி நிற்கிறது. வேலிகள் மதிலாகிவிட்டன, நோட்டீஸ் ஒட்ட எவ்வளவு இடம், ஒட்ட ஆட்களைக் காணவில்லை. எல்லாம் ஃபோனுக்குள் வருகிறது. பொட்டு இருந்த இடத்தில் ஆளுயர மதில், அதற்கு அங்காலை பூட்டின கேற். பள்ளிக்கூடத்தில் வரிசை இல்லை. குடையை மடிக்கமுதல் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். என் பேரை வாசித்த பிள்ளை நான் படிப்பித்த பிள்ளை. அவள் மெல்லச் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். சீட்டை விரித்தால் கைமுழத்துக்கு மேலே நீளம், கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக. கீழே ஒன்பது இலக்கம், ஆறு ஆசனத்துக்கு மூன்று கூட்டி நிறுத்துவது வழக்கம்.

அன்றிரவு முடிவு வந்தது. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று. ஏறக்குறைய நாலிலொரு பங்கு வாக்கு, மற்றவர்கள் பலதாய் உடைந்ததால் போனசும் அங்கே போனது. வீட்டுக்கு ஒன்று, காங்கிரசுக்கு ஒன்று, பதினேழாம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி மாவட்டத்தில் முதலாவதாய் வந்தது இதற்கு முன் நடக்காத காரியம். அதைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்லவரவில்லை. போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள், அவர்கள் இங்கே இருக்கிறவர்கள்.

விடியமுதல் ஃபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்காபரோவிலிருந்து, லா சப்பலிலிருந்து, நோர்வேயிலிருந்து. வெளியில் இருந்து வாக்குப் போட எங்கள் நாட்டில் வழியில்லை, அவர்கள் ஒருவருக்கும் வாக்கில்லை. ஆனாலும் விடிய விடிய முழித்திருந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வளவு அம்மானின் பெடியன், அவனும் இப்போது பேரப்பிள்ளை கண்டவன், முதல் கேள்வியாய்க் கேட்டது மாவட்ட முடிவை இல்லை.

"மாஸ்டர், எங்கட பள்ளிக்கூடத்துப் பெட்டியில ஆருக்குக் கூட?"

"பெட்டிக்குப் பெட்டி கணக்குச் சொல்லமாட்டினம் தம்பி. வட்டுக்கோட்டை எண்டு ஒண்டாத்தான் சொல்லுவினம்."

"சரி, சனம் வந்ததோ?"

மழை எண்டு சொன்னேன். பிறகு வந்தவர்களின் பேரை ஒவ்வொன்றாய்ச் சொன்னேன், அவன் ஒவ்வொருவருக்கும் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகள் என்று முறை சொல்லிக்கொண்டு வந்தான். வெகுநேரம் பிடிக்கவில்லை.